சாரமில்லாத சாந்து

வேத பகுதி: லேவியராகமம் 14:33-53

 

இன்றைக்கு நாம் தியானிக்கப் போகிற பகுதி, நம்மில் அநேகர் வேகமாய்ப் புரட்டிவிட்டுப் போகிற பகுதி. லேவியராகமம் என்றாலே, “அது பலி, இரத்தம், குஷ்டரோகம், நமக்கு எதுக்கு ஐயா?” என்று சங்கீதத்துக்குத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் 14-ஆம் அதிகாரம் 33-ஆம் வசனத்திலிருந்து நிதானமாய் வாசித்துப் பாருங்கள். அங்கே வியாதி மனுஷனுக்கு இல்லை, வீட்டுக்கு! சுவரிலே பச்சையும் சிவப்புமாய், குழி விழுந்தாற்போல ஒரு அடையாளம் தோன்றுகிறது. உடனே என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும், எந்தக் கல்லைப் பெயர்க்க வேண்டும், சுரண்டின மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று ஒரு அனுபவமுள்ள மேஸ்திரியைப் போல தேவன் மோசேக்கும் ஆரோனுக்கும் சொல்லிக்கொடுக்கிறார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் நம்முடைய வீட்டுச் சுவரைப் பார்க்கிறார். அல்லேலூயா!

பிரியமானவர்களே, நெய்வேலியிலே வாழ்கிற நமக்கு வீடு என்பது ஒரு விசேஷித்த காரியம். வட்டங்களில் குவார்ட்டர்ஸில் இருக்கும் வரைக்கும் அந்த வீடு நம்முடையது அல்ல. வேப்பமரமும் தோட்டமுமாய் நிழலாய் இருக்கும், பிள்ளைகள் அங்கேதான் வளருவார்கள். ஆனாலும் இஷ்டத்துக்கு ஒரு சுவரை இடிக்க முடியாது, சமையல் மேடையைத் தூக்கிக் கட்ட முடியாது. ரிட்டயர் ஆனபின் ஒரு நாள் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வருகிறோம். அப்புறம்தான் இந்திரா நகரிலோ, வடக்குத்திலோ, மந்தாரக்குப்பத்திலோ எப்பொழுதோ கஷ்டப்பட்டு வாங்கி வாடகைக்கு விட்டிருந்த பழைய வீட்டுக்குப் போகிறோம். பி.எஃப்., கிராஜுவிட்டி பணம் கையில் இருக்கிறது. “இதுவரைக்கும் கம்பெனி வீட்டுல இருந்தோம், இனிமேலாவது நம்ம வீட்டை நம்ம ஆசைப்படி பண்ணிக்கலாம்” என்கிற ஆசையும் இருக்கிறது.

அந்த ஆசை பாவமா? இல்லவே இல்லை. வீட்டை ஒழுங்காய்க் கட்டச் சொன்னவரே நம்முடைய தேவன்தான். புது வீடு கட்டினால் மாடியிலிருந்து யாரும் தவறி விழாதபடி சுற்றிலும் கைப்பிடிச் சுவர் கட்டு என்று உபாகமம் 22:8-ல் கட்டளையிட்டிருக்கிறார். முழங்கால் வலியோடு குனிந்து சமைக்கிற சகோதரிக்கு உயரமான மேடை வேண்டும். புகை வெளியே போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். வயதானவர்கள் வழுக்கி விழாத தரை வேண்டும், பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். இதெல்லாம் தேவையே. ஆனால் கடன் வாங்கிச் செய்யுமுன் லூக்கா 14:28-ல் ஆண்டவர் சொன்னபடி முதலில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். இதற்கு மேல் ஒரு கேள்வியும் உண்டு. அதற்காகத்தான் இந்தச் செய்தியை எழுதுகிறேன்.

நம்முடைய சபையில் ஒரு குடும்பம். பேர் வேண்டாம். “எங்களுக்கு நடந்ததை சபைக்கு எழுதுங்க பாஸ்டர், நாலு பேருக்குப் பிரயோஜனமாயிருக்கும்” என்று அவர்களே சொன்னதினால் எழுதுகிறேன். அந்தச் சகோதரர் சுரங்கத்தில் நிலத்தடி நீர் இறைக்கிற பகுதியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் இந்திரா நகரில் உள்ள பழைய வீட்டுக்கு வந்தார்கள். சமையலறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஹாலிலும் ஒரு பக்கம் அப்படித்தான். மகன் போனில் ஒரு டிசைன் அனுப்பினான். கடப்பா கல்லை எடுத்துவிட்டு கிரானைட் மேடை, சுவர் முழுக்க டைல்ஸ், ஹாலில் பட்டி பார்த்து பெயிண்ட், ஒரு சுவர் நிறைய டி.வி. வைக்க மர வேலை. “ஓதம் அடிக்குதே?” என்று கேட்டதற்கு, வந்த கொத்தனார், “டைல்ஸ் ஒட்டிட்டா யாருக்கு சார் தெரியப் போவுது?” என்று சொல்லிவிட்டார். பழைய பூச்சின் மேலேயே ஒட்டியாயிற்று.

அந்த வீட்டில் சகோதரருடைய தாயாரும் இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டினவர்கள். சுரங்கம் விரிந்தபோது கிராமத்து வீட்டை விட்டுப் புறப்பட்டு வந்தவர்கள். அவர்களுடைய கட்டில் ஹாலில் ஜன்னல் ஓரமாய் இருந்தது. வேலை நடக்கும்போது தூசி ஆகாது என்று பின்பக்கத்துத் தாழ்வாரத்துக்குக் கட்டிலை மாற்றினார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் பறந்துபோய், மறுபடியும் போட்ட ஷீட்டுக் கூரை அது. வேலை முடிந்தது. ஹால் புதிதாய் ஜொலித்தது. அந்த ஜன்னல் ஓரத்தில் சோபா வந்துவிட்டது. கட்டில் திரும்பி வரவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. “அப்புறம் பாத்துக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்” என்று நாள் போய்விட்டது. கத்திரி வெயிலும் வந்துவிட்டது.

பிரதிஷ்டை ஜெபத்துக்கு என்னை அழைத்தார்கள். போனேன். சமையலறையில் ஜெபித்தேன், ஹாலில் ஜெபித்தேன், ஆசீர்வாத வசனங்களையெல்லாம் சொன்னேன். ரிட்டயர்மெண்ட் பணத்தில் தசமபாகத்தை ஒரு கவரில் வைத்துக் கொடுத்தார்கள், சந்தோஷமாய் வாங்கிக்கொண்டேன். பிரியாணி சாப்பிட்டேன். “அம்மா எங்கே?” என்று கேட்டேன். “பின்னால படுத்திருக்காங்க பாஸ்டர்” என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எசேக்கியேல் 13-ஆம் அதிகாரத்தில், ஜனங்கள் கட்டின சுவருக்குச் சாரமில்லாத சாந்தைப் பூசிய தீர்க்கதரிசிகளைத் தேவன் கடிந்துகொள்கிறார். பிரியமானவர்களே, அந்த வீட்டில் டைல்ஸ் ஒட்டினது கொத்தனார். சாரமில்லாத சாந்து பூசினது நான்!

ஆறு மாதம் ஆயிற்று. ஒரு மழைக்காலத்து ராத்திரியில் சமையலறையில் படார் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நாலைந்து டைல்ஸ் மொத்தமாய்ப் பெயர்ந்து கிரானைட் மேடை மேல் விழுந்து கிடக்கிறது. விடிந்ததும் வயதான ஒரு மேஸ்திரியைக் கூட்டி வந்தார்கள். அவர் கரணைப் பிடியால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எங்கே தட்டினாலும் பொக்கு பொக்கு என்றது. “ஐயா, செவுரு குடிச்ச தண்ணிய டைல்ஸ் என்னா பண்ணும்? இங்க மூடினா இன்னும் மேல ஏறும், அவ்ளோதான்” என்றார்.

அவர் சொன்னது உண்மை. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிறதுபோல செங்கல் தரையின் ஈரத்தை மேலே இழுக்கிறது. அந்த ஈரம் வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். அந்த உப்புதான் பூச்சைத் தள்ளுகிறது. நம்முடைய சகோதரருக்கு இது தெரியாதா? நிலக்கரிக்குக் கீழே ஊற்றுநீர் எவ்வளவு அழுத்தத்தோடு நிற்கிறது, அதை இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே அது தூக்கிவிடும் என்று முப்பது வருஷம் பார்த்தவர் அவர். “வேலையில தெரிஞ்சது வீட்டுல தெரியாமப் போச்சே பாஸ்டர்” என்று பிறகு என்னிடத்தில் சொன்னார்.

இனி அந்த மேஸ்திரி செய்ததையும் லேவியராகமம் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1. வீட்டுக்காரனே வந்து சொல்ல வேண்டும்

35-ஆம் வசனத்தைப் பாருங்கள். ஆசாரியன் தெருத்தெருவாய்ப் போய்ச் சுவர்களைச் சோதிக்கவில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரன்தான் ஆசாரியனிடத்தில் வந்து, தன் வீட்டில் தோஷம் இருக்கிறாற்போல் தெரிகிறது என்று அறிவிக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரைப் பற்றி அல்ல, மச்சான் வீட்டைப் பற்றி அல்ல, என் வீட்டைப் பற்றி! நமக்கோ அடுத்த வீட்டு ஓதம் தூரத்திலிருந்தே தெரியும். நம் வீட்டு ஓதத்துக்கு காலண்டர் மாட்டிவிடுவோம். சாட்சி சொல்லும் நேரத்தில் எல்லாரும் கையை உயர்த்துகிறோம். “பாஸ்டர், எங்க வீட்டுல ரெண்டு பேரு பேசிக்கிறதில்ல, வந்து ஜெபம் பண்ணுங்க” என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? அறிக்கை செய்யாத இடத்தில் எழுப்புதல் வராது.

2. வீட்டைக் காலி செய்ய வேண்டும்

36-ஆம் வசனத்தில், ஆசாரியன் உள்ளே வருமுன் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் வெளியே கொண்டுவரச் சொல்லுகிறார். மேஸ்திரியும் அதைத்தான் சொன்னார். “சாமானெல்லாம் எடுத்துடுங்க. செங்கல் தெரியிற வரைக்கும் கொத்தணும். கொத்தினப்புறம் ஒரு மாசமாவது காயணும். அதுவரைக்கும் இங்க அடுப்பு எரியக் கூடாது.”

சமையலை எங்கே கொண்டுபோவது? ஒரே இடம்தான் உண்டு, பின்பக்கத்துத் தாழ்வாரம். கேஸ் அடுப்பும் பாத்திரமும் மாமியாருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. ஹாலிலும் கொத்து வேலை நடந்ததினால் டி.வி.க்குத் துணி போட்டு மூடிவிட்டார்கள். சாயங்காலத்தில் உட்கார வேறே இடமில்லை. ஆறு மாதத்தில் முதல்முறையாகக் குடும்பம் முழுவதும் அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தது. குடும்ப ஜெபமும் அங்கேதான் மறுபடியும் ஆரம்பித்தது.

3. செங்கல் தெரியும் வரை சுரண்ட வேண்டும்

40-ஆம், 41-ஆம் வசனங்களில், தோஷமுள்ள கல்லைப் பெயர்க்க வேண்டும், வீட்டை உள்ளே சுற்றிலும் சுரண்ட வேண்டும், அந்த மண்ணைப் பட்டணத்துக்கு வெளியே கொட்ட வேண்டும் என்று பார்க்கிறோம். சுரண்டும்போது சத்தம் வரும், தூசி வரும், வலிக்கும்.

அந்தத் தாயாரிடத்தில் ஒரு பழைய டப்பா உண்டு. பிடியரிசி டப்பா. நம்முடைய சபை ஓலைக் கொட்டகையாய் இருந்த நாள் முதல், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று அதில் போடுகிறவர்கள். சபைக்கு வர முடியாமற்போன பின்பும் அந்த அரிசி ஒரு துணிப்பையில் மருமகள் கையில் ஞாயிறுதோறும் வந்துகொண்டுதான் இருந்தது. நானும் வாங்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

தாழ்வாரத்தில் சமைக்க ஆரம்பித்து ஒரு வாரம் போல் ஆனபிறகு அந்த மருமகள் என்னிடத்தில் வந்து அழுதார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “முன்னெல்லாம் அத்தை அடுப்பங்கரையில உக்காந்து பொது அரிசியிலதான் ஒரு பிடி எடுப்பாங்க பாஸ்டர். பின்னால கட்டில் போட்டப்புறம், ‘எனக்குப் போடுற அரிசில ஒரு பிடிய எங்கிட்ட குடுத்துடும்மா’ன்னு கேட்டாங்க. நானும் வேலை அவசரத்துல யோசிக்காம குடுத்துக்கிட்டு இருந்தேன். இப்பப் பக்கத்துல உக்காந்து சமைக்கிறப்பதான் பாக்கறேன், அவங்க தட்டுல சோறு கொறைவா இருக்கு. ஏன் அத்தை இப்பிடின்னு கேட்டா, ‘வீட்டு அரிசிய எடுக்க எனக்கு என்னம்மா இருக்கு’ன்னாங்க. பாஸ்டர், அவங்களுக்கு இந்த வீட்டுல உரிமை இல்லன்னு நாங்க வாயால சொல்லவே இல்ல. கட்டிலை நகத்தினோம், அவ்வளவுதான்.”

என் பிரியமானவர்களே, கட்டிலை நகர்த்தினோம், அவ்வளவுதான்! சுவரில் ஏறின உப்பு இதுதான். கெட்ட வார்த்தை பேசவில்லை, சாப்பாடு போடாமல் விடவில்லை. சத்தமில்லாமல் கீழேயிருந்து ஏறினது.

அன்றைக்கு என் மனசிலும் கரணை பட்டது. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு பரிசேயரைப் பார்த்து என்ன கேட்டார்? தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை, கர்த்தருக்குக் காணிக்கை என்று பேர் வைத்துத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டு, பெற்றவர்களைக் கைவிடுகிறீர்களே என்று கேட்டார். மகனுடைய தசமபாகம் கவரில் வந்தது, நான் வாங்கினேன். தாயாருடைய தட்டிலிருந்து குறைந்த அரிசி பையில் வந்தது, அதையும் நான் வாங்கினேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஊழியக்காரனாகிய எனக்கும் ஒரு சுரண்டல் தேவையாயிருந்தது. மறுநாள் அந்த வீட்டுக்குப் போய், முன்வாசல் வழியாய் நுழையாமல் பக்கவாட்டுச் சந்து வழியாய்த் தாழ்வாரத்துக்கே போனேன். அந்தத் தாயாரிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள்.

4. வேறே கல், வேறே சாந்து

42-ஆம் வசனத்தில் பழைய மண்ணையே குழைத்துப் பூசச் சொல்லவில்லை. வேறே கல், வேறே சாந்து! மேஸ்திரி செங்கல் சந்துகளைச் சுரண்டி, சுவரை நன்றாய்க் காயவிட்டு, ஓதம் ஏறாதபடி அடியில் தடுப்புப் போட்டு, நீர் புகாத மருந்து கலந்த கலவையால் பூசினார். “ஏழு நாளைக்குத் தண்ணி விடணும். அவசரப்பட்டா வெடிச்சிடும்” என்றார். மனந்திரும்புதலும் அப்படித்தான். ஒரு நாள் கூட்டத்தில் கண்ணீர் விட்டால் போதாது. தினந்தோறும் வசனமாகிய தண்ணீர் ஊற்றப்பட வேண்டும்.

43-ஆம் வசனம் முதல் எச்சரிப்பும் உண்டு. சுரண்டிப் பூசின பிறகும் தோஷம் திரும்பி வந்தால், அந்த வீட்டையே இடித்துப்போட வேண்டும். மனம் மாறாமல் பூச்சை மட்டும் மாற்றுகிற குடும்பங்கள் என்ன ஆகின்றன என்று நாம் கண்ணால் பார்க்கிறோமே!

ஆனால் அதிகாரம் அங்கே முடியவில்லை. ஸ்தோத்திரம்! சுகமான வீட்டுக்காக இரண்டு குருவிகள் கொண்டுவரப்படுகின்றன. ஒன்று ஊற்றுநீரின்மேல் கொல்லப்படுகிறது. மற்றது அந்த இரத்தத்தில் தோய்க்கப்பட்டு வெளியிலே விடப்படுகிறது. வீடு இரத்தத்தினால் சுத்திகரிக்கப்படுகிறது. எந்தக் கம்பெனி பெயிண்டும் செய்ய முடியாததைக் கல்வாரியின் இரத்தம் செய்கிறது. அந்தக் கல்வாரியிலே தொங்கினபோது ஆண்டவர் செய்த ஒரு காரியத்தைக் கவனித்தீர்களா? யோவான் 19-ஆம் அதிகாரத்தில், உயிர் போகிற வேதனையின் நடுவிலே, தம்முடைய தாய்க்கு ஒரு வீட்டில் இடம் ஏற்பாடு செய்தார். சிலுவையிலிருந்தே தாயின் கட்டிலுக்கு இடம் பார்த்த இரட்சகர் நம்முடையவர்!

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். 34-ஆம் வசனத்தில், அந்தத் தோஷத்தை வீட்டில் வரப்பண்ணுகிறவர் தாமே என்று தேவன் சொல்லுகிறார். யூதருடைய பழைய வேத விளக்கங்களில் இதற்கு ஒரு கருத்து உண்டு. எமோரியர் சுவர்களுக்குள் பொன்னை ஒளித்து வைத்திருந்தார்களாம். தோஷம் வந்து சுவரை இடித்தபோதுதான் இஸ்ரவேலருக்கு அந்தப் பொக்கிஷம் கிடைத்ததாம். நெய்வேலிக்காரராகிய நமக்கு இது விளங்காதா? 1930-களில் இங்கே கிணறு தோண்டினபோது கறுப்பாய் ஏதோ வந்தது. அதுவே பொக்கிஷமாயிற்று. 1957-ல் சுரங்க வேலை தொடங்கினார்கள், 1961-ல்தான் நிலக்கரியின் முகத்தைக் கண்டார்கள். நாலு வருஷம் மேல்மண்ணை அள்ளினார்கள்! அந்தக் குடும்பத்துக்கு டைல்ஸ் விழுந்தது நஷ்டம்தான், பணம் இரண்டு மடங்கு செலவாயிற்று. ஆனால் சுவரைக் கொத்தினபோது வீட்டுக்குள்ளேயே இருந்த பொக்கிஷம் கிடைத்தது.

இப்பொழுது அந்த வீட்டுக்குப் போனால் சமையலறை எளிமையாய் இருக்கிறது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதற்குக் கை எட்டுகிற தூரத்தில் அரிசிப் பானை, அதன் பக்கத்தில் அந்தப் பழைய டப்பா. ஹாலில் சோபாவைக் கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் ஓரத்தில் கட்டில் இருக்கிறது. பிடியரிசி இப்பொழுதும் வருகிறது, பொது அரிசியிலிருந்து!

அன்பானவர்களே, இந்த மாத உபவாச ஜெபத்துக்கு வருமுன் உங்கள் வீட்டுக்குள் ஒரு முறை நடந்து பாருங்கள். கரணைப் பிடியால் தட்டுகிறதுபோல ஒவ்வொரு இடத்தையும் தட்டிப் பாருங்கள். எங்கே பொக்கு என்கிறது? வீட்டில் யாருடைய இடம் சுருங்கிப்போயிருக்கிறது? யார் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்? அந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டாதேயுங்கள். ஆசாரியனாகிய இயேசுவைக் கூப்பிடுங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, எங்கள் சுவர்களை அறிந்திருக்கிறீர். நாங்கள் மூடி வைத்ததை நீரே எங்களுக்குக் காட்டும். வலித்தாலும் சுரண்டும் ஐயா. எங்கள் வீட்டிலே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களிடத்தில் மன்னிப்புக் கேட்க எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். உமது குமாரனுடைய இரத்தத்தால் எங்கள் சமையலறையையும் ஹாலையும் தாழ்வாரத்தையும் கழுவி, எங்கள் வீடுகளிலிருந்தே எழுப்புதலைத் துவக்கும். இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்